அமெரிக்காவுல பொறந்த குழந்தைக்கு இந்திய பாஸ்போர்ட் எடுக்கலாமா, எடுத்தா என்ன ஆகும்?

இந்தியா டூயல் சிட்டிசன்ஷிப் ஒத்துக்காது, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அரசியல் சட்டத்தோட 9வது பிரிவு, 1955 குடியுரிமைச் சட்டத்தோட 9வது செக்‌ஷன், ரெண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுது, தானா விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை வாங்கினா இந்தியக் குடியுரிமை அதோட போச்சு. பெரியவங்களுக்கு இது சரி, அவங்க ஃபார்ம் நிரப்பி, டெஸ்ட் எழுதி, கையைத் தூக்கி சத்தியம் பண்ணி வாங்குறாங்க. நியூஜெர்சில பொறந்து மூணு நாள் ஆன குழந்தை என்னத்த விரும்பி வாங்கிச்சு? அதனால குழந்தைங்களுக்குன்னு இந்தியச் சட்டத்துல தனியா ஒரு கதவு இருக்கு. அது இருக்குறதே நிறைய பேருக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களும் அரைகுறையா தெரிஞ்சு வச்சிருக்காங்க. வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் "பதினெட்டு வயசு வரைக்கும் ரெண்டு பாஸ்போர்ட்டும் வச்சுக்கலாம் பா"ன்னு அடிச்சு விடுவார், இன்னொருத்தர் "அதெல்லாம் ஜெயில் கேஸு"ன்னு பயமுறுத்துவார். ரெண்டு பேர் சொல்றதுலயும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கு, குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது.

முதல்ல ரெண்டு நாடும் எப்படி ஒரே குழந்தைய எங்க ஆளுன்னு சொல்லுதுன்னு பார்த்துடலாம். அமெரிக்கா மண்ணு கணக்கு. 14வது சட்டத் திருத்தம், அப்புறம் 1898ல வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இதை வச்சு அப்பா அம்மா எச்1பிங்கிற தற்காலிக வேலை விசால இருந்தாலும் ஸ்டூடண்ட் விசால இருந்தாலும் அங்க பொறந்த குழந்தை குடிமகன்தான்னு இத்தனை வருஷமா ஓடிட்டு இருக்கு. இந்தியா இதுல ரத்தக் கணக்கு. வெளிநாட்டுல பொறந்த குழந்தைக்கு அப்பாவோ அம்மாவோ இந்தியக் குடிமகனா இருந்தா அந்தக் குழந்தையும் இந்தியன் ஆகலாம், இது குடியுரிமைச் சட்டத்தோட 4வது செக்‌ஷன். 1992 டிசம்பர் 10க்கு முன்னாடி பொறந்திருந்தா அப்பா இந்தியனா இருந்தாத்தான் கணக்கு, அம்மா மட்டும் இந்தியன்னா கிடையாது, அது ஒரு அநியாயம், அப்புறம்தான் திருத்துனாங்க.

அடுத்து 2004 டிசம்பர் 3. இந்தத் தேதிக்கு அப்புறம் வெளிநாட்டுல பொறக்குற குழந்தைக்கு ரத்தம் மட்டும் பத்தாது. பொறந்து ஒரு வருஷத்துக்குள்ள அந்த ஊர்ல இருக்குற இந்திய கான்சுலேட்ல பிறப்பைப் பதிவு பண்ணணும், பண்ணலன்னா குழந்தை இந்தியக் குடிமகனே ஆகாது. ஒரு வருஷம் தாண்டிடுச்சுன்னா மத்திய அரசோட அனுமதி வாங்கித்தான் பதிவு பண்ண முடியும், அது டெல்லி வரைக்கும் போய்ட்டு வர்ற சமாச்சாரம். பதிவு பண்றப்போ அப்பா அம்மா எழுத்துல ஒரு உறுதிமொழி குடுக்கணும், இந்தக் குழந்தைகிட்ட வேற எந்த நாட்டு பாஸ்போர்ட்டும் இல்லைன்னு. இங்க நல்லா கவனிங்க, சட்டம் கேக்குறது பாஸ்போர்ட் இருக்கான்னுதான், வேற நாட்டுக் குடியுரிமை இருக்கான்னு கேக்கல. வேற நாட்டுக் குடியுரிமை இருக்கலாம்னு சட்டத்துக்கே தெரியும், ஏன்னா அடுத்த வரியே அதைப் பத்தித்தான்.

அந்த வரிதான் 4(1ஏ). இந்த செக்‌ஷன் வழியா இந்தியன் ஆன மைனர், கூடவே வேற நாட்டுக் குடிமகனாவும் இருந்தா, பதினெட்டு முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள அந்த இன்னொரு குடியுரிமைய விட்டுடணும், விடலன்னா இந்தியக் குடியுரிமை தானா போய்டும். அதாவது பதினெட்டரை வயசு வரைக்கும் ஒரு பிள்ளை ஒரே நேரத்துல இந்தியனாவும் அமெரிக்கனாவும் இருக்கலாம்னு இந்தியச் சட்டமே எழுதி வச்சிருக்கு. வாட்ஸ்அப் குரூப்ல முதல் ஆள் சொன்னது இங்க இருந்து வந்ததுதான். ஆனா அவர் குடியுரிமையையும் பாஸ்போர்ட்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டார். சட்டம் விட்டு வச்சிருக்கிறது ரெண்டு குடியுரிமைய, ரெண்டு பாஸ்போர்ட்ட இல்ல.

சரி, அப்போ அமெரிக்க பாஸ்போர்ட் எடுக்காம இந்திய பாஸ்போர்ட் மட்டும் எடுத்துட்டா என்ன, குழந்தை ரெண்டு நாட்டுக் குடிமகனாவும் இருக்கும், உறுதிமொழியும் பொய்யாகாதுல்ல? பேப்பர்ல இது சரி, ஏர்போர்ட்ல நடக்காது. அமெரிக்கச் சட்டப்படி அமெரிக்கக் குடிமகன் அந்த நாட்டை விட்டுப் போறதும் உள்ள வர்றதும் அமெரிக்க பாஸ்போர்ட்லதான் இருக்கணும், டூயல் சிட்டிசனுக்கும் அதேதான், கைக்குழந்தைக்கும் அதேதான். இந்திய பாஸ்போர்ட்ல குழந்தைய சென்னைக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்கன்னு வைங்க, திரும்பிப் போறப்போ ஏர்லைன் கவுண்டர்ல அமெரிக்க விசா எங்கன்னு கேப்பாங்க, விசா கிடையாது. போய் விசா கேட்டாலும் கான்சுலேட்ல தர மாட்டாங்க, சொந்தக் குடிமகனுக்கு எந்த நாடு விசா தரும்? போய் பாஸ்போர்ட் எடுத்துட்டு வாங்கன்னுதான் சொல்வாங்க. எடுத்துட்டா? கான்சுலேட்ல எழுதிக் குடுத்த உறுதிமொழி அப்பவே ஆட்டம் கண்டுடும்.

அதாவது சட்டம் ஒரு கையால குடுத்த டூயல் சிட்டிசன்ஷிப்ப பார்டர் ரூல் இன்னொரு கையால பிடுங்கிக்குது. இது அமெரிக்காவோட மட்டும் நிக்கல. கனடா 2016 நவம்பர்ல இருந்து தன்னோட டூயல் சிட்டிசன்ஸ் ப்ளைட்ல வர்றதுக்கு கனடா பாஸ்போர்ட் வேணும்னு சொல்லிடுச்சு, அமெரிக்கா கனடா ரெண்டும் வச்சிருக்கவங்களுக்கு மட்டும் விலக்கு. பிரிட்டன் ரொம்ப நாள் இதுல கொஞ்சம் தளர்வா இருந்துச்சு, 2026 பிப்ரவரி 25ல இருந்து அவங்களும் டூயல் சிட்டிசன்னா பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைக் காட்டு, இல்ல அதுக்குன்னு இருக்குற சான்றிதழக் காட்டுன்னு ஆக்கிட்டாங்க. எல்லா நாடும் ஒரே திசைலதான் போகுது, எங்க ஆளுன்னா எங்க பாஸ்போர்ட்லதான் வரணும். இந்தியா மாதிரி ஒரே பாஸ்போர்ட்னு பிடிவாதம் பிடிக்கிற நாட்டோட சேர்ந்து இதைப் பார்த்தீங்கன்னா, 4(1ஏ)ங்கிறது சட்டப் புத்தகத்துல பத்திரமா இருக்கும், அதை வச்சு ப்ளைட் ஏற முடியாது.

சில பேர் ரெண்டையும் எடுத்து வச்சுக்குறாங்க, இல்லன்னு சொல்லல. முதல்ல கான்சுலேட்ல பதிவு, இந்திய பாஸ்போர்ட், அது கைக்கு வந்த அடுத்த மாசமே அமெரிக்க பாஸ்போர்ட். என்னோட கருத்து, இது தேவையில்லாத ரிஸ்க். குடியுரிமை விதிகளோட மூணாவது அட்டவணை, வேற நாட்டு பாஸ்போர்ட் எடுத்தாலே அந்த நாட்டுக் குடியுரிமைய விரும்பி வாங்கினதுக்கு அது முடிவான ஆதாரம்னு சொல்லுது, இந்த மாதிரி விதி செல்லும்னு 1962லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ரெண்டு வயசுக் குழந்தை விரும்பி எடுத்துச்சான்னு வக்கீல் வச்சு வாதாடலாம்தான், ஆனா மீனம்பாக்கத்துல நைட்டு ரெண்டு மணிக்கு இமிக்ரேஷன் கவுண்டர்ல நின்னுட்டு வாதாட முடியாது. உள்ள வந்தது இந்திய பாஸ்போர்ட்ல, வெளிய போறதுக்கு ஏர்லைன் கேக்குறது அமெரிக்க பாஸ்போர்ட், அந்த அமெரிக்க பாஸ்போர்ட்ல இந்திய விசாவும் இல்ல, ஓசிஐயும் (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக்காரங்களுக்கு இந்தியா குடுக்குற ஆயுட்கால விசா மாதிரி ஒரு கார்டு) இல்ல, ஆபீசர் கேக்க ஆரம்பிச்சா எங்க போய் முடியும்னு சொல்ல முடியாது. அதோட பின்னாடி ஓசிஐ எடுக்கப் போறப்போ பழைய இந்திய பாஸ்போர்ட்டை சரண்டர் பண்ணின சர்டிபிகேட் கேப்பாங்க, அப்போ தேதியெல்லாம் வெளிய வந்துடும்.

அதனால அமெரிக்காவுல இருக்குற நம்ம ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க போற ரூட் அமெரிக்க பாஸ்போர்ட், அதுக்கு மேல ஓசிஐ. இதுல அமெரிக்க பாஸ்போர்ட் எடுக்குறதுதான் சுலபமான பகுதி. டிஎஸ்-11ங்கிற ஃபார்ம், அப்பா அம்மா பேர் ரெண்டும் இருக்குற பர்த் சர்டிபிகேட், போட்டோ, அப்பா அம்மாவோட ஐடி, ஃபீஸ் 100 டாலர், வாங்கி வைக்கிற ஆபீசுக்குத் தனியா 35 டாலர், பக்கத்து போஸ்ட் ஆபீஸ்லயே முடிஞ்சுடும். பதினாறு வயசுக்குள்ளன்னா அஞ்சு வருஷம்தான் செல்லும். பதினாறுக்குள்ள இருக்குற குழந்தைக்கு ரெண்டு பேரும் நேர்ல வரணும், கைக்குழந்தையையும் தூக்கிட்டுப் போகணும். ஒருத்தர் வர முடியலன்னா, சும்மா லெட்டர் எழுதிக் குடுத்தா ஏத்துக்க மாட்டாங்க, டிஎஸ்-3053 ஃபார்ம்ல நோட்டரி முன்னாடி கையெழுத்து போட்டு, கூடவே ஐடி காப்பியும் குடுத்து அனுப்பணும். அப்பா ஊருக்குப் போயிருக்கிற நேரத்துல இங்க அம்மா மட்டும் போய் நின்னு திரும்பி வர்றது நிறைய நடக்குது.

இந்த ரெண்டு கையெழுத்து கெடுபிடிக்கு ஒரு காரணம் இருக்கு, அது குழந்தைக் கடத்தல். அப்பா அம்மாக்குள்ள சண்டை வந்து ஒருத்தர் குழந்தையத் தூக்கிட்டு வேற நாட்டுக்குப் போய்ட்டா திரும்பக் கொண்டு வர்றதுக்கு 1980ல போட்ட ஹேக் ஒப்பந்தம் இருக்கு, அமெரிக்கா அதுல இருக்கு, இந்தியா இன்னும் சேரல. அதனால இந்தியாவுக்கு வந்துட்ட குழந்தைய மீட்கணும்னா இங்க கோர்ட்டுக்குத்தான் அலையணும், அது வருஷக்கணக்குல இழுக்கும். டிவர்ஸ் கேஸ் ஓடுறவங்க, குழந்தை பேர்ல யாராவது பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணினா தகவல் வர்ற மாதிரி அமெரிக்க அரசுகிட்ட பதிவு பண்ணி வைக்கலாம், ஆனா அது அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான், இன்னொரு நாடு அதே குழந்தைக்கு பாஸ்போர்ட் குடுத்தா அமெரிக்காவால ஒண்ணும் பண்ண முடியாது. இந்தியப் பக்கமும் மைனர் பாஸ்போர்ட்டுக்கு ரெண்டு பேர் சம்மதம் கேக்குறாங்க, அதுக்கு அனெக்ஸர் டின்னு ஒரு ஃபார்ம். ஒருத்தர் சம்மதம் கிடைக்காத நிலைமைல அனெக்ஸர் சின்னு இன்னொரு வழியும் வச்சிருக்காங்க, ஏன் கிடைக்கலன்னு காரணம் எழுதி உறுதி குடுக்கணும். தனியா குழந்தை வளர்க்குற அம்மாக்களுக்கு இது ரொம்ப முக்கியமான வழி.

நம்ம தமிழ் ஆளுங்களுக்குன்னே ஒரு ஸ்பெஷல் தலைவலி இருக்கு, பேரு. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பேர் கிடையாது. அப்பாவோட இந்திய பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருந்தா அமெரிக்க விசால முதல் பேர் இடத்துல எஃப்என்யூன்னு, அதாவது முதல் பேர் தெரியலன்னு, அடிச்சுக் குடுத்துடுவாங்க, அந்த மனுசன் டிரைவிங் லைசென்ஸ்ல இருந்து கரண்ட் பில் வரைக்கும் மிஸ்டர் எஃப்என்யூவா வாழ்றாரு. இப்போ ஆஸ்பத்திரில பர்த் சர்டிபிகேட்டுக்கு ஃபார்ம் நீட்டுவாங்க, பிரசவம் முடிஞ்ச களைப்புல, லாஸ்ட் நேம் என்னன்னு கேப்பாங்க, அப்பா பேரைப் போடுறதா, தாத்தா பேரைப் போடுறதா, அப்பா பாஸ்போர்ட்ல கடைசில என்ன இருக்கோ அதைப் போடுறதான்னு அங்கயே முடிவு பண்ணணும். அந்த சர்டிபிகேட்ல என்ன எழுத்து விழுதோ அதுதான் அமெரிக்க பாஸ்போர்ட்ல வரும், அதுதான் ஓசிஐல வரும், பின்னாடி மாத்தணும்னா ஒவ்வொரு இடமா ஏறி இறங்கணும். அப்பா அம்மா பேரும் அவங்க பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கணும், இனிஷியல விரிச்சு எழுதிட்டா கான்சுலேட்ல கேள்வி வரும். ஒத்தப் பேரோட விட்டுடாதீங்க, 2022 நவம்பர்ல யுஏஇ ஒத்தப் பேர் இருக்குற இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாதுன்னு சொன்னப்போ எத்தனை பேர் அலறினாங்க, கடைசி பக்கத்துல அப்பா பேர் இருந்தா பரவால்லைன்னு அப்புறம்தான் கொஞ்சம் இறங்கி வந்தாங்க.

இப்போ ஓசிஐ. வெளிநாட்டு இந்தியக் குடியுரிமைன்னு பேர் வச்சிருக்காங்களே ஒழிய அது குடியுரிமை கிடையாது, ஆயுசுக்கும் செல்லுற ஒரு விசான்னு நினைச்சுக்கிட்டா ஏமாற மாட்டீங்க. 2005 சட்டத் திருத்தத்தோட நடைமுறைக்கு வந்துச்சு, முன்னாடி இந்திய வம்சாவளிக்காரங்களுக்குன்னு தனியா இருந்த பிஐஓ கார்டை 2015 ஜனவரில இதோட சேர்த்துட்டாங்க. ஓட்டு கிடையாது, அரசு வேலை கிடையாது, விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் வாங்க முடியாது. தஞ்சாவூர் பக்கம் தாத்தாவோட நஞ்சை நிலம் இருக்குன்னு வைங்க, அது வாரிசா வந்தா சரி, காசு குடுத்து பக்கத்து வயலை வாங்குறது நடக்காது. பாகிஸ்தான், பங்களாதேஷ் குடியுரிமை அப்பா அம்மா, தாத்தா பாட்டி, கொள்ளுத் தாத்தா பாட்டி வரைக்கும் யாருக்காவது இருந்திருந்தா ஓசிஐயே கிடையாது. அமெரிக்காவுல ஃபீஸ் 275 டாலர். அப்பா அம்மா ரெண்டு பேரும் இன்னும் இந்தியக் குடிமகனா இருந்தாலும் மைனர் குழந்தைக்கு ஓசிஐ எடுக்கலாம், ஒருத்தர் மட்டும் இந்தியனா இருந்தாலும் எடுக்கலாம். அப்பா அம்மா கல்யாண சர்டிபிகேட் கேப்பாங்க, தமிழ்நாட்டுல கல்யாணப் பதிவு கட்டாயம் ஆனதே 2009 சட்டத்துலதான், அதுக்கு முன்னாடி மண்டபத்துல கல்யாணம் பண்ணி ஆல்பம் மட்டும் வச்சிருக்கிற ஜோடிங்க இந்த இடத்துல வந்து முழிக்குறாங்க.

முன்னாடி குழந்தைக்கு ஒவ்வொரு தடவை புது பாஸ்போர்ட் எடுக்குறப்பவும் ஓசிஐய மறுபடி புதுப்பிக்கணும், பெரிய தொல்லை. 2021 ஏப்ரல்ல அதை மாத்திட்டாங்க. இருபது வயசு வரைக்கும் புது பாஸ்போர்ட் வர்றப்போ ஆன்லைன்ல காப்பியும் போட்டோவும் ஏத்தினா போதும், காசு கிடையாது, பாஸ்போர்ட் வந்து மூணு மாசத்துக்குள்ள பண்ணணும். இருபது தாண்டி எடுக்குற முதல் பாஸ்போர்ட்டுக்கு ஒரு தடவை மட்டும் ஓசிஐய மறுபடி அடிச்சு வாங்கணும்.

ஆனா அதே 2021ல, மார்ச் 4ஆம் தேதி, இன்னொரு அறிவிப்பு வந்துச்சு, அது நம்ம ஊருக்குத் திரும்பி வர்ற குடும்பங்கள நேரா அடிக்குது. நீட், ஜேஇஇ மாதிரி அகில இந்திய நுழைவுத் தேர்வுகள்ல ஓசிஐ பிள்ளைங்க என்ஆர்ஐ சீட்டுக்கு மட்டும்தான் போட்டி போடலாம், இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்னு இருக்குற சீட்டைத் தொட முடியாது. அதுக்கு முன்னாடி பொது சீட்டுக்கும் போட்டி போட்டுட்டு இருந்தாங்க. கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2023 பிப்ரவரில தீர்ப்பு, 2021 மார்ச் 4க்கு முன்னாடி ஓசிஐ எடுத்தவங்களுக்கு பழைய உரிமை அப்படியே இருக்கும், அதுக்கு அப்புறம் எடுத்தவங்களுக்குத்தான் புது விதி. இப்போ மூணு வயசுல இருக்குற குழந்தைக்கு ஓசிஐ எடுக்குறீங்கன்னா அது புது விதிக்கு கீழதான் வரும். அஞ்சு வருஷத்துல ஊருக்குத் திரும்பிடுவோம், பிள்ளைய டாக்டராக்கணும்னு கனவு இருக்குறவங்க, என்ஆர்ஐ சீட்டுக்கு என்ன ஃபீஸ் வாங்குறாங்கன்னு ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க, அப்புறம் இந்திய பாஸ்போர்ட்டா ஓசிஐயான்னு பேசுறதே வேற மாதிரி இருக்கும். ஓசிஐன்னா ஏர்போர்ட்ல க்யூ மாறும், மத்தபடி ஒண்ணும் வித்தியாசம் இல்லன்னு சொல்றவங்க இதைச் சொல்றதே இல்ல.

அப்படின்னா திரும்பி வந்தப்புறம் குழந்தைய இந்தியக் குடிமகனா மாத்த வழி இருக்கா? இருக்கு, ஆனா நினைச்ச உடனே நடக்காது. அப்பா அம்மா ரெண்டு பேரும் இந்தியக் குடிமகனாவே இருந்தா 5(1)(டி) செக்‌ஷன்ல மைனர் குழந்தையப் பதிவு பண்ணக் கேக்கலாம். ஓசிஐ எடுத்து அஞ்சு வருஷம் ஆகி, கேக்குறதுக்கு முன்னாடி பன்னெண்டு மாசம் இந்தியாவுல இருந்தா, 18 தாண்டினவங்களுக்கு 5(1)(ஜி) இருக்கு. எப்படிப் போனாலும் கடைசில அந்த வெளிநாட்டுக் குடியுரிமைய விடணும், அங்கதான் அமெரிக்கா முட்டுக்கட்டை, குழந்தை சார்பா அப்பா அம்மா அமெரிக்கக் குடியுரிமைய விட்டுக்கொடுக்க முடியாது, அந்தப் பிள்ளையே புரிஞ்சு தானா வந்து சொல்லணும், பதினாறுக்குள்ளன்னா அந்தப் பக்குவம் இருக்காதுன்னுதான் எடுத்துக்குவாங்க. அதனால நடைமுறைல பெரும்பாலும் பதினெட்டு வரைக்கும் காத்திருக்கிற கதைதான்.

மூணாவதா ஒரு வழி இருக்குன்னு நம்பிட்டு இருந்தாங்க, அதை 2024ல உச்ச நீதிமன்றம் மூடிடுச்சு. 8(2) செக்‌ஷன் என்ன சொல்லுதுன்னா, அப்பா அம்மா இந்தியக் குடியுரிமைய விட்டதால குடியுரிமை இழந்த குழந்தை, மேஜர் ஆகி ஒரு வருஷத்துக்குள்ள எனக்கு வேணும்னு சொல்லித் திரும்ப வாங்கிக்கலாம். சிங்கப்பூர்ல ஒரு தமிழ்க் குடும்பம், அப்பா அம்மா 1998 டிசம்பர்ல சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிட்டாங்க, அப்போ பையன் அம்மா வயித்துல, 1999 மார்ச்ல பொறந்தான். பெரியவன் ஆனதும் எனக்கு இந்தியக் குடியுரிமை வேணும்னு 8(2)ல கேட்டான். உள்துறை அமைச்சகம் முடியாதுன்னுச்சு, சென்னை ஐகோர்ட் 2022ல பையன் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. ஆனா 2024 அக்டோபர் 18ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. காரணம் ரொம்ப நுணுக்கமானது, 8வது செக்‌ஷன் முறையா எழுதிக் குடுத்து குடியுரிமைய விட்டவங்களுக்கு, ஆனா வேற நாட்டுக் குடியுரிமை வாங்கினவங்களுக்கு 9வது செக்‌ஷன்ல அது தானாவே போய்டும், அவங்க எதையும் விட்டுக்கொடுக்கல, அதனால அவங்க பிள்ளைங்களுக்கு 8(2) பொருந்தாது. நம்ம ஊர் ஆளுங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே இந்த ரெண்டாவது ரகம்தான், முதல்ல வேற நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டு அப்புறம்தான் பாஸ்போர்ட் சரண்டர் பண்றாங்க. தாத்தா பாட்டி தமிழ்நாட்டுலதான் பொறந்தாங்கன்னு சொன்னதும் எடுபடல.

மத்த நாடுகள்ல இருக்குறவங்களுக்குக் கணக்கு வேற. லண்டன்ல வொர்க் விசால இருக்குறப்போ குழந்தை பொறந்தா அது பிரிட்டிஷ் இல்ல, 1983 ஜனவரி 1ல இருந்து அப்பா அம்மால ஒருத்தர் பிரிட்டிஷ் குடிமகனாவோ செட்டில்டாவோ (அங்க நிரந்தரமா தங்க உரிமை இருக்குறவங்க) இருந்தாத்தான் உண்டு, ஆஸ்திரேலியாலயும் 1986 ஆகஸ்ட் 20ல இருந்து கிட்டத்தட்ட இதே மாதிரி. ஜெர்மனி 2024 ஜூன்ல டூயல் சிட்டிசன்ஷிப்புக்கு கதவைத் திறந்து விட்டுடுச்சு, ஆனா இந்தியா திறக்காத வரைக்கும் நமக்கு அதுல பாதிதான் லாபம். துபாய், குவைத், சவுதில பொறக்குற நம்ம பிள்ளைங்களுக்கு அந்த ஊர் குடியுரிமைங்கிற பேச்சுக்கே இடமில்ல, அதனால குழப்பமும் இல்ல, ஆனா ஒரு வருஷக் கெடு அவங்களுக்கும் அதேதான், அவங்களுக்குத்தான் அது உயிர் மாதிரி, இந்தியப் பதிவு விட்டுப்போனா கையில எந்த நாடும் இல்ல.

இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் கொஞ்சம் தளர்வு. இலங்கை 1987ல சட்டத்தைத் திருத்தி விண்ணப்பிச்சு வாங்குற இரட்டைக் குடியுரிமைய அனுமதிச்சுடுச்சு. இலங்கைக் குடியுரிமையோட இருக்குற அப்பா இல்ல அம்மாவுக்கு வெளிநாட்டுல பொறக்குற பிள்ளையத் தூதரகத்துல பதிவு பண்ணணும், பிறப்பாலயே வேற நாட்டுக் குடியுரிமையும் இருந்தா 22 வயசு வர்றப்போ முடிவெடுக்க வேண்டி வரும். இந்தியால பதினெட்டரை, அங்க இருபத்திரெண்டு, பிள்ளைக்கு யோசிக்க மூணரை வருஷம் கூடக் கிடைக்குது.

அமெரிக்காவுக்கே திரும்ப வர்றேன், ஏன்னா அங்க தரையே ஆடிட்டு இருக்கு. 2025 ஜனவரி 20, டிரம்ப் பதவி ஏத்த அன்னைக்கே ஒரு உத்தரவு போட்டாரு, அம்மா தற்காலிக விசால இருந்து, அப்பா குடிமகனாவோ கிரீன் கார்டு ஆளாவோ இல்லன்னா, அங்க பொறக்குற குழந்தைக்கு குடியுரிமை கிடையாதுன்னு. எச்1பி குடும்பங்க நேரா இதுக்குள்ள வராங்க. கோர்ட்டுங்க அதை அமலுக்கு வர விடாம நிறுத்துச்சு, ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் கீழ் கோர்ட்டுங்க நாடு முழுக்க பொதுத் தடை போடுறதைக் குறைச்சுச்சு, ஜூலைல நியூ ஹாம்ஷயர்ல ஒரு ஃபெடரல் கோர்ட் பாதிக்கப்படுற குழந்தைங்க எல்லாரையும் ஒரே கேஸுக்குள்ள ஒரே குழுவா சேர்த்து மறுபடி நிறுத்துச்சு, டிசம்பர்ல உச்ச நீதிமன்றமே கேஸைக் கையில எடுத்துக்கிச்சு. இத்தனை வருஷம் எச்1பி அப்பா அம்மாங்க இந்திய கான்சுலேட் பதிவைப் பத்தி யோசிச்சதே இல்ல, அமெரிக்க பாஸ்போர்ட் தானா வரும், ஓசிஐ எடுத்துக்கலாம், முடிஞ்சுது கதை. இப்போ கர்ப்பமா இருக்குறவங்க, கைக்குழந்தை வச்சிருக்கவங்க கொஞ்சம் கணக்கு போடணும். அமெரிக்க பாஸ்போர்ட் கைக்கு வந்துட்டா இந்தியப் பதிவுக்கான உறுதிமொழி குடுக்க முடியாது. அமெரிக்க பாஸ்போர்ட் வருமா வராதான்னு இழுபறி ஆச்சுன்னா, அந்த நேரத்துலயும் கான்சுலேட்டோட ஒரு வருஷக் கெடு ஓடிட்டேதான் இருக்கும், கோர்ட் முடிவு சொல்ற வரைக்கும் அது நிக்காது. பிறந்த தேதில இருந்து பத்தாவது மாசம் வரைக்கும் பார்த்துட்டு, அமெரிக்க பாஸ்போர்ட் இன்னும் வரலன்னா, அப்ளிகேஷன் எந்த நிலைல இருக்குன்னு கான்சுலேட்லயும் சொல்லிக் கேட்டுக்கிட்டு, லாங் ஃபார்ம் பர்த் சர்டிபிகேட், ரெண்டு பேரோட பாஸ்போர்ட், விசா காப்பி, கல்யாண சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு பதிவு ஃபார்ம போட்டுடுங்க. ஓசிஐய அப்புறமா எப்ப வேணா எடுத்துக்கலாம், அதுக்குக் கெடு கிடையாது.